பொழுதுபோக்குப் பூங்காவும் பொருளியல் பாடமும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாமாண்டு)

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். அந்த ஓய்வு நாளையும் திட்டமிட வேண்டும் என்றால் நம்மில் பலர் சிரிப்பர். "இன்பமாகப் போய் வருவதற்குத் திட்டம் எதற்கு?" என்பர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவரின் வீட்டில் இக்கேள்வி எழாது. வாரத்தில் ஒரே நாள் விடுப்பு. அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக அமைவது அரிது. என் தந்தையார் அத்தகைய தொழிலாளி. எளாவூரில் வாழும் எங்கள் குடும்பத்தில் பாட்டி, தாய் தந்தையர், பதினொரு வயதுத் தங்கை, நான்கு வயதுத் தம்பி, நான் என ஆறு பேர். சென்ற ஆண்டு எல்லோரும் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றுவர ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நான் போட்ட கணக்குகளை நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராட்டினம் நமக்குப் புதிதன்று. கோயில் திருவிழாக்களில் சுற்றாத ராட்டினமா? காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் குடும்பமாகப் புறப்படுவதும் நம் வழக்கமே. ஆனால் பெரிய நிலப்பரப்பை வளைத்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, நாள் முழுவதற்குமான கேளிக்கைகளை ஒரே இடத்தில் தரும் பூங்கா அண்மைக்காலப் படைப்பு. தம் பெண்குழந்தைகள் குடைராட்டினத்தில் சுற்றுவதைப் பெஞ்சில் அமர்ந்து பார்த்திருந்த வால்ட் டிஸ்னிக்கு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டுமே என்ற எண்ணம் தோன்றியதாம். அவர் அமைத்த டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் தில்லியின் அப்பு கர் 1984இல் தொடங்கி 2008இல் மூடப்பட்டது. சென்னையைச் சார்ந்து இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். ஆகியவை பெயர் பெற்றவை. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் திறக்கப்பட்டது.

இவை யாவும் சென்னைக்குத் தெற்கே இருக்கின்றன. எளாவூரோ வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். ஆகவே எங்களுக்குப் பூங்காவின் முதற்கட்டணம் பணமன்று, நேரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். எளாவூர் அதற்கும் அடுத்த நிலையம். சென்ட்ரலில் இறங்கிப் பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அங்கிருந்து பேருந்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை. குழந்தைகளுடனும் முதியவருடனும் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி என்று வைத்துக்கொண்டேன். மேலும், கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் வண்டிகளே மிகுதி; சூலூர்பேட்டை வண்டிகளே எங்கள் ஊரைத் தொடும். எனவே திரும்பும் வண்டியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். பூங்காவில் எங்களுக்கு எஞ்சியவை ஐந்து மணி நேரமே.

அடுத்தது உயரம். பூங்காக்களில் கட்டணமும் விளையாட்டுகளில் ஏறும் அனுமதியும் பெரும்பாலும் வயதைக் கொண்டல்ல, உயரத்தைக் கொண்டே அமைகின்றன. இது வெறும் கெடுபிடி அன்று. வேகமாக ஓடும் வண்டி மேட்டிலிருந்து சரியும்போது உடல் இருக்கையை விட்டு மேலெழ முயல்கிறது. அதைத் தடுக்கும் கம்பி, வளர்ந்த உடலின் தொடையையும் இடுப்பையும் அழுத்திப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. சிறு உடல் அதற்கிடையே நழுவிவிடக்கூடும். ஆகவே "ஒரு முறை விடுங்கள் ஐயா" என்று காவலாளியிடம் கெஞ்சுவது குழந்தைக்குச் செய்யும் நன்மை ஆகாது. நான் வீட்டிலேயே தம்பியையும் தங்கையையும் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். தம்பி 98 செ.மீ., தங்கை 138 செ.மீ. தம்பிக்குப் பெரிய விளையாட்டுகள் இல்லை என்பதை முன்னாளே அவனிடம் சொல்லிவிட்டோம். அழுகை வீட்டிலேயே முடிந்தது.

மூன்றாவது கணக்கில்தான் நம் வகுப்பறைப் பாடம் உதவியது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைப் பேராசிரியர்கள் மாம்பழத்தைக் கொண்டு விளக்குவர். முதற்பழத்தின் சுவை ஐந்தாம் பழத்தில் இராது. ராட்டினத்துக்கும் அதே விதிதான். கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்று ஓடுபவர்கள் வரிசையில் நின்றே களைத்துப்போகின்றனர். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். களைப்பினால் அது திரும்பி வராது. ஆகவே ஆளுக்கு ஒரு விருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். விடுப்பு வார நாளில் அமைந்தது கூட்டத்தைத் தவிர்க்கவும் உதவியது.

நான்காவது, உடலுக்கு வேண்டியவை. வெளியுணவைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. எனவே காலை இட்லியை ரயிலிலும், புளிச்சோற்றை உள்ளே நுழையுமுன்பும் முடித்துக்கொண்டோம். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. அதன் நூலிழைகள் வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடை கேட்பர். கத்திரி வெயிற்காலத்தைத் தவிர்த்து டிசம்பரைத் தேர்ந்தோம். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து அம்மாவும் ஒரு துணிப்பட்டையில் எண்ணை எழுதித் தம்பியின் கையில் தைத்துவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு எல்லாம் கணக்குப்படி நடந்ததா? இஞ்சம்பாக்கத்துக்குச் சென்றோம். தங்கை தன் விருப்பப்படி ஏறி இறங்கினாள். தம்பியோ, அங்குப் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்ற, அசையாமல் நிற்கும் சிலை மனிதரின் முன்னே நின்றுவிட்டான். அவரைச் சிரிக்க வைக்க அவன் செய்த கோமாளித்தனங்களுக்கு அவர் சிரிக்கவில்லை. முழங்கால் வலியால் நிழலில் அமர்ந்திருந்த பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பட்டியலில் இல்லாத அந்த அரைமணி நேரத்துக்கு இடம் இருந்தது, மற்றவற்றைக் குறைத்துக்கொண்டதால்தான்.

நண்பர்களே, குடும்பப் பயணத்தின் அளவுகோல் அதில் மிக வலிமையுள்ளவரின் ஆசை அன்று. மிக எளியவரின் தாங்கும் சக்தி. தம்பியின் உயரமும், பாட்டியின் முழங்காலும், தந்தையாரின் உறக்கமும்தான் எங்கள் நாளின் எல்லைகளை வகுத்தன. அவ்வெல்லைக்குள் அனைவரும் மகிழ்ந்தோம். மறுநாள் தந்தையாருக்கு முதல் ஷிப்ட். நேரத்தோடு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.