கோபுரத்தை வெட்டினால்தான் எஞ்சின் இறங்கும்

1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் பானட்டைத் திறந்தால், எஞ்சினின் இருபுறமும் இரண்டு தகரக் கோபுரங்கள் தெரியும். முன்சக்கரங்களின் சுருள்வில்கள் அவற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2011 மாடல் மஸ்டாங்குக்கு வந்த 5 லிட்டர் ‘கொயோட்டி’ வி8 எஞ்சினை இந்தக் காரில் இறக்கப் பார்த்தால் இடிப்பது இங்கேதான். ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் இரண்டு கேம்ஷாஃப்டுகள் இருப்பதால் அதன் மேற்பகுதி அகலம். பெரும்பாலான பட்டறைகள் கோபுரங்களை வெட்டி எடுத்துவிட்டு, முன்பக்கத்துக்குப் புது சஸ்பென்ஷனே பொருத்துகின்றன.

வெளியே அந்தக் கால அழகு, உள்ளே இந்தக் கால இயந்திரம் என்று உருவாகும் இத்தகைய கார்தான் ரெஸ்டோமாட்.

1964இல் பான்டியாக் ஜிடிஓ கிளப்பிவிட்ட மோகத்தில் அமெரிக்க நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ‘மஸில் கார்’களை இறக்கின. நேர்ச்சாலையில் அவை சீறிப் பாயும். நிறுத்துவதுதான் பாடு: பெரும்பாலானவற்றில் டிரம் பிரேக், அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால் நல்ல பட்டறை எஞ்சினோடு சேர்த்தே டிஸ்க் பிரேக்கையும் திட்டமிடும்.

ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் எஞ்சினையே பாருங்கள். 1997 மாடல் கார்வெட்டில் 5.7 லிட்டர், 345 குதிரைத்திறனுடன் அறிமுகமானது. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் கச்சிதமானது. 1969 கமாரோவில் எளிதாக அடங்கும். ஆனால் பழைய கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. பெட்ரோல் அழுத்தம் போதும். எல்எஸ்ஸுக்கோ சுமார் 58 வேண்டும். ஆகவே டேங்குக்குள் புது பம்ப், அந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாய்கள், ரெகுலேட்டர், தனி வயரிங் என்று வேலை பின்பக்கம் வரை நீளும்.

விஸ்கான்சினின் ஸ்பிரிங் கிரீன் என்னும் சிற்றூரில் இயங்கும் ரிங்பிரதர்ஸ் பட்டறை, 1972 ஏஎம்சி ஜாவெலினில் டாட்ஜின் ஹெல்கேட் எஞ்சினை ஏற்றி 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. 2017 லாஸ் வேகஸ் செமா கண்காட்சியில் அது நின்றது. அந்தக் குதிரைத்திறனைவிட, முன்சக்கரங்களையே முன்னுக்குத் தள்ளிவைத்து உடலைத் திருத்திய டிங்கரிங் வேலைதான் அதிக மரியாதைக்குரியது.

எல்லா மஸில் காரையும் இப்படி வெட்டலாமா? கூடாது. பிறந்த எஞ்சினோடு பிழைத்திருக்கும் அரிய மாடல்களை அப்படியே விட்டுவிட வேண்டும். எஞ்சினைத் தொலைத்தவை, தரை துருப்பிடித்து உதிர்ந்தவை நிறைய இருக்கின்றன. கத்தி படவேண்டியது அவற்றின்மேல்தான்.

தேர்ந்த பட்டறைகள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே காரை வெறும் தகரமாக முழுக்கப் பூட்டிப் பார்க்கும். ஸ்டீயரிங் தண்டு சைலன்சர் குழாயில் உரசுகிறதா, அகலமான டயர் திரும்பும்போது மட்கார்டில் இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். சரிசெய்தபின் ஒவ்வொரு போல்ட்டாக மறுபடி கழற்றி, பெயின்டுக்கு அனுப்புவார்கள்.