பகலில் தூங்கும் வீடுகள்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒரு கதவில் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது: ‘நைட் ஷிஃப்ட். பகலில் பெல் அடிக்க வேண்டாம்.’ ஒட்டி ஒரு வருடம் ஆகிறது. கூரியர்காரர் அடிக்கிறார், சிலிண்டர் போடுகிறவர் அடிக்கிறார், கோயில் நன்கொடைக்கு வருகிறவர்கள் இரண்டு தரம் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் பெண் மெடிக்கல் பில்லிங் வேலையில் இருக்கிறார். அமெரிக்காவின் பகல்தான் அவருடைய வேலை நேரம். மாலை ஆறரைக்கு கேப் வந்து கூட்டிப்போகும், விடியற்காலை நாலரைக்குக் கொண்டுவந்து விடும். “நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினா அதுவே பெரிசுண்ணா” என்றார் ஒருநாள், மாடிப்படியில் பார்த்தபோது.

அந்தப் பேச்சின் கனம் எனக்குத் தெரியும். ஒரு நாளிதழில் ஆறு ஆண்டுகள் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போகையில் மணி இரண்டைத் தாண்டியிருக்கும். பசிக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும்தான். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் காக்கை கரையத் தொடங்கிவிடும், அடுத்தது பால் வண்டி, அதற்கடுத்தது பள்ளிக்கூட வேன். மூன்றாம் ஆண்டு முடிவில் எடை 11 கிலோ ஏறியிருந்தது. 33 வயதில் சர்க்கரை அளவு எல்லைக் கோட்டில் நின்றது. உடம்பைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது கோபம். மகள் ஒரு டம்ளரைக் கீழே போட்டாலும் கத்தினேன். ஒருநாள் நான் அறைக்குள் வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள். மறுநாளே பகல் பணி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆறு ஆண்டும் எல்லோரும் எனக்குச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: ‘பழகிடும்.’ பழகாது. பெரும்பாலானவர்களின் உடம்புக்கு அது எத்தனை ஆண்டானாலும் பழகாது.

1729-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் தெ மெரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டுக்குள்ளும் அது பகலில் இலையை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. சூரியனைப் பார்க்காமலே செடிக்கு நேரம் தெரிந்திருந்தது. அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1971-இல் கலிபோர்னியாவில் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களின் அன்றாடத் தாளத்தை ஒரு மரபணு ஆட்டிவைப்பதைக் காட்டினார்கள். 1984-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குள்ளும் அதே கடிகாரம் ஓடுகிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னத் திரள் அது. ஈரலுக்கும் கணையத்துக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றை ஒரே கதியில் ஓட்டும் தலைமைக் கடிகாரம் இந்தத் திரள். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரவெல்லாம் வேலை செய்தவர் காலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறார். முகத்தில் வெயில் படுகிறது. ‘பகல் பிறந்துவிட்டது’ என்று கடிகாரம் முடிவு செய்துகொள்கிறது. அவர் வீட்டுக்கு வந்து படுக்கும் நேரத்தில் உடம்பு விழித்தெழ ஆயத்தமாகிறது. மனவுறுதி இருந்தால் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மனவுறுதிக்கு இங்கே வேலையே இல்லை.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். காலை எட்டு மணிக்குச் சாப்பிடும் இரண்டு இட்லியைவிட நள்ளிரவுக்கு மேல் சாப்பிடும் அதே இரண்டு இட்லி ரத்தத்தில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். அந்த நேரத்தில் கணையம் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. தூக்கம் குறைந்தாலே போதும், சர்க்கரையைக் கையாளும் திறன் சரியும். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களுடைய ரத்தச் சர்க்கரை, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுடையதைப் போல நடந்துகொண்டது. நாம் ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு வாகான உடம்பு கொண்டவர்கள். சென்னையிலிருந்து முன்னின்று நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. சோற்றைக் குறை, நட என்று மருத்துவர் சொல்கிறார், சரிதான். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

மனதுக்கு வருவோம். தூக்கமில்லாத மூளையில் பயத்தையும் கோபத்தையும் எழுப்பும் பகுதி துள்ளுகிறது, அதைத் தட்டி அடக்கும் முன்பகுதி சோர்ந்துபோகிறது. என் மகளிடம் நான் கத்தியதற்கு இது மன்னிப்பு ஆகாது, ஆனால் காரணம் இதுதான். நெடுநாள் தூக்கமின்மையில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதோடு தனிமையும் சேர்கிறது. முகூர்த்தம் காலையில். காதுகுத்து காலையில். துக்க வீட்டுக்குப் போவதும் பகலில்தான். ஊரே கூடும் நேரத்தில் இவர்கள் தூங்கியாக வேண்டும். போகாவிட்டால் ‘பெரிய வேலை, மதிக்கமாட்டாங்க’ என்ற பேச்சு.

இது கண்ணாடிக் கட்டடங்களின் பிரச்சினை மட்டுமல்ல. திண்டுக்கல், கோவை, ஈரோடு, விருதுநகர் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று ஷிஃப்ட் ஓடுவது எத்தனையோ காலமாக உண்டு. இரவு ஷிஃப்ட் முடித்து மில் வண்டியில் வந்து இறங்கும் பெண் நேராகப் படுக்கைக்குப் போவதில்லை. சோறு பொங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் படுக்கிறாள். சித்திரை மாத நண்பகலில் அந்தக் கூரையின் கீழ் யாரால் தூங்க முடியும்? வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாற்றுவது இன்னும் கொடுமை. உடம்பு கொஞ்சம் இணங்கத் தொடங்கும்போது அடுத்த நேரம் வந்துவிடுகிறது.

பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்ற சட்டத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. அது நியாயமான தீர்ப்பு. பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகள் வந்தன, நல்லதுதான். தூக்கம்தான் யார் கணக்கிலும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007-இல் சேர்த்தது, இரவுப் பணியை மறுபடி ஆராய்ந்து 2019-இல் அதை உறுதி செய்தது. நெடுங்காலம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்கள் சிலருக்கு டென்மார்க்கில் இழப்பீடு கொடுத்திருக்கிறார்கள். இங்கே கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அனுமதி வந்தபோது நாம் பேசியதெல்லாம் வியாபாரத்தைப் பற்றித்தான்.

சாலையைச் சொல்லாமல் விட முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். விடியற்காலை நெடுஞ்சாலையில் லாரியையும் ஆம்னி பஸ்ஸையும் கேபையும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் அந்த 17 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்? வாயில் வைத்து ஊதச் சொல்லி மதுவைக் கண்டுபிடிக்கலாம். தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி எந்தச் சோதனைச் சாவடியிலும் இல்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. ஷிஃப்டை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேலைக்குப் போகுமுன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் லேசாக எதையாவது எடுத்துக்கொள்வது நல்லது. நடுவில் 20 நிமிடம் கண்ணயர நிர்வாகம் இடம் கொடுத்தால் தவறுகள் குறையும். வீட்டில் ஜன்னலுக்குக் கனத்த திரை, படுக்கையிலிருந்து தள்ளி செல்போன், வருடத்துக்கு ஒரு முறை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, பகல் பதினொரு மணி அவருக்கு நடுநிசி என்பதைக் குடும்பமும் அக்கம்பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுநிசியில் யாரும் அடுத்த வீட்டு பெல்லை அடிப்பதில்லை.

இதையெல்லாம் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. இரவுப் பணியாளர்கள் கேட்டால் இலவச மருத்துவப் பரிசோதனை தரப்பட வேண்டும், இரவுப் பணிக்கு உடல் ஒத்துவராதவர்களை வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 171-ஆம் உடன்படிக்கை 1990-லேயே சொல்லிவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமைகளில் சேர்ந்தது என்று 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழக அரசு 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, வேலையிடத்துக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரவு ஷிஃப்ட் நடக்கும் நேரத்திலும் மில்லுக்கும் அலுவலகத்துக்கும் போங்கள். கையில் பட்டையைச் சுற்றும் முன், கடைசியாக எப்போது தூங்கினீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.