மருந்துப் புட்டி கற்பித்த சுவாஹிலி

தார் எஸ் ஸலாம் என்ற பெயருக்கு 'அமைதியின் இல்லம்' என்று பொருள் சொல்வார்கள். தான்சானியாவின் அந்தத் துறைமுக நகரில் எங்கள் வீட்டு அமைதியைக் குலைத்தது ஒரு சிறிய மருந்துப் புட்டி.

வேலை நிமித்தமாக மும்பையிலிருந்து நான் குடும்பத்துடன் அங்கே போய்ச் சேர்ந்தது 1996இல். ஆறே மாதத்தில் கடைத்தெருவுக்கு வேண்டிய சுவாஹிலி வந்துவிட்டது. மாஜி என்றால் தண்ணீர், மஸீவா என்றால் பால். சொற்கள் தெரிந்தால் மொழி தெரிந்த மாதிரிதான் என்று மிதப்பாக இருந்தேன்.

அப்போதுதான் ஐந்து வயது மகளுக்கு ஓயாத வாந்தி. மருந்து கொடுத்தவர், "ம்பே தாவா கப்லா ஹஜாலா" என்று சொல்லி அனுப்பினார். ம்பே என்றால் 'அவளுக்குக் கொடு'. தாவா, நம் மும்பையில் கேட்கும் அதே 'தவா'தான், மருந்து. கப்லா என்றால் 'முன்'. ஹஜாலா என்றால் 'அவள் இன்னும் சாப்பிடவில்லை'. தனித்தனியே எல்லாம் தெரியும். சேர்த்துப் பார்த்தபோதுதான் சறுக்கியது. சாப்பிடாமல் இருப்பதற்கு முன் கொடு என்றால், வயிறு காலியாகும் முன் கொடு என்றல்லவா ஆகிறது? ஆகவே சாப்பிட்ட கையோடு கொடுத்தோம். மூன்று நாள் சோறும் மருந்தும் சேர்ந்தே வெளியே வந்தன. குழந்தை துவண்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். என் மனைவி அவரை 'மாமா' என்று அழைப்பாள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா! விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கப்லா ஹஜாலா என்றால் சாப்பிடுவதற்கு முன்பு. வெறும் வயிற்றில் கொடுங்கள்" என்றார். அப்படியே கொடுத்தோம். மறுநாள் கஞ்சி தங்கியது. அன்று மாலையே அவரிடம் இலக்கணம் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சுவாஹிலியில் வினையடைக்குப் பெயர் 'கியெலேஸி'. 'எலேஸா', அதாவது 'விளக்கு' என்ற வினையிலிருந்து வந்த சொல். எப்போது, எப்படி, எந்த நிபந்தனையில் என்று வினையை விளக்குவது அதன் வேலை. எளிய வினையடைகள் நமக்குப் பழக்கமானவையே. 'போலே போலே' என்றால் மெல்ல மெல்ல. 'ஹராகா ஹராகா' என்றால் அவசர அவசரமாக. நம்மைப் போலவே இரட்டித்துச் சொல்கிறார்கள்.

நேரம் சொல்வதில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'ஸா ந்னே' என்றால் சொல்லுக்குச் சொல் நான்கு மணி. ஆனால் காலை ஸா ந்னே என்பது நம் பத்து மணி. விடியலிலிருந்து எண்ணுவதால் ஆறு மணி வித்தியாசம். சூரிய உதயத்திலிருந்து நாழிகை கணக்கிட்ட நம் முன்னோர்களுக்கு இது வியப்பாக இருந்திராது.

'வந்தபோது', 'வந்தால்' போன்ற தொடர்களுக்குத்தான் உண்மையான பயிற்சி வேண்டும். நாம் வினையின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். 'ஃபிகா' என்றால் வந்து சேர். 'நிலிபோஃபிகா' என்றால் நான் வந்து சேர்ந்தபோது. நி என்பது நான், லி என்பது இறந்தகாலம், போ என்பது 'போது'. இரு மொழிகளுக்கும் உறவில்லை, தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் அந்த 'போ'வை நான் பிறகு மறக்கவே இல்லை. 'உகிஃபிகா' என்றால் நீ வந்து சேர்ந்தால். 'உசிபோஃபிகா' என்றால் நீ வந்து சேராவிட்டால்.

இந்தக் கடைசி வடிவத்துக்கு ஆசிரியை சொன்ன உதாரணம் அந்நாட்டுப் பழமொழி: "உசிபோஸிபா உஃபா, உதஜெங்கா உகுதா." விரிசலை அடைக்காவிட்டால் சுவரையே கட்ட வேண்டி வரும். என் விரிசல் எது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்!

எல்லாம் சரி, 'முன்' என்று சொல்லும்போது எதற்கு எதிர்மறை என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மருந்து கொடுக்கும் நேரத்தில் குழந்தை சாப்பிட்டிருக்கிறாளா? இன்னும் இல்லை. அதைத்தான் சொல்கிறோம்." எதிர்மறை 'ஹ', 'இன்னும்' என்ற பொருள் தரும் 'ஜா', சாப்பிடுவதற்கு 'லா'. மூன்றே எழுத்தில் முழு வாக்கியம்.

விந்தையான வழக்கம் என்று நினைத்தபடி வீடு திரும்பினேன். இரவு படுக்கையில்தான் உறைத்தது. 'வருமுன்' என்று சொல்லும் நாமே 'வாராமுன்' என்றும் சொல்லியிருக்கிறோமே! திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தில் இருக்கும் சொல் அது. 'வராததற்கு முன்' என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. வருவதற்கு முன் என்றே கொள்கிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் என் மூளையில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்க, நான் சுவாஹிலியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று எந்தெந்த ஊருக்கோ வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள்களின் பெயரைக் கடைக்காரரே சொல்லிக் கொடுத்துவிடுவார். முன், பின், ஆனால், ஆவிட்டால் ஆகியவற்றை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். புரியாவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு முறை கேளுங்கள். நான் அன்று மருந்து கொடுத்தவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், என் மகள் மூன்று நாள் வாடியிருக்க மாட்டாள்.