மண் அள்ளும் வண்டிக்கும் சீட்டு எழுதுவோம்

மளிகைக் கடையோடு ஜே.சி.பி. ஒன்றையும் வாங்கி வாடகைக்கு விடும் அன்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அரைக் கிலோ பருப்புக் கடனையும் நோட்டில் எழுதுபவர்கள் நாம். நாள் முழுதும் ஓடிய வண்டிக் கணக்கை வாய் வார்த்தைக்கு விடலாமா? வங்கித் தவணை காத்திருக்காதே!

மணி வாடகை, குறைந்தபட்ச மணி, வண்டி வந்துபோகும் செலவு, டீசல், ஆபரேட்டர் பேட்டா எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடினால் ஹவர் மீட்டரும் ஓடும். ஆகவே லாரிக்காகக் காத்து நின்ற நேரத்துக்கும் வாடகை உண்டா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

தினமும் தொடக்க, முடிவு மீட்டர் அளவைச் சீட்டில் குறித்து, வேலையிடத்திலேயே பார்ட்டியின் கையெழுத்தை வாங்குவோம். 4120.3-ல் தொடங்கி 4126.8-ல் நின்றால் 6.5 மணி. அது ஆறரை மணி நேரம். ஆறு மணி ஐந்து நிமிடம் அன்று.

ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்கள் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பில் தர வேண்டும்.

இன்னொன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கு 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. வாங்கி விற்கும் கடைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சேவைத் தொழிலுக்கு உண்டு. எனவே வண்டித் தொழிலை உதயம் பதிவில் முன்னதாகவே சேர்த்து வைப்பது நலம்.

வேலைக்கூலிப் பாக்கிக்கு வழக்குத் தொடரக் காலக்கெடு மூன்றாண்டு. அதற்கும் ஆதாரமாவது, அன்றன்று கையெழுத்தான அந்தச் சீட்டுதான்.