வேனுக்குள் ஒரு தொலைக்காட்சி

மலேசியாவில் தொலைக்காட்சி 1963-இல் வந்தது; வண்ணப் படம் 1978-இல் வந்தது. இரவு முழுதும் மின்சாரம் இல்லாத தோட்டத்து லயங்களில் அந்நாளில் கார் பேட்டரியே கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு உயிர் கொடுத்தது. விடுமுறையில் குடும்பத்தோடு வேனில் சென்று, இரவில் வண்டியிலேயே தங்கும் அன்பர்களுக்கும் அதே பேட்டரிதான் துணை.

பழைய பெட்டி இருந்தால் வீசிவிட வேண்டாம். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால், அதனுடன் 'மைஃப்ரீவியூ' டிகோடரும் யூ.எச்.எஃப். ஏரியலும் தேவை. மாதக் கட்டணம் இல்லை.

புதிதாக வாங்குவோர் 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் பெட்டியையே கேட்டு வாங்குங்கள். பெட்டியும் டிகோடரும் சேர்ந்து 24 வாட் என்றால், மணிக்கு 2 ஆம்பியர்-மணி செலவு. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் செலவிட்டால் 15 மணி நேரம் பார்க்கலாம். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

முக்கியமாக, வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் கைவைக்காதீர்கள். தொலைக்காட்சிக்குத் தனி பேட்டரி வையுங்கள். இல்லையேல் விடிந்ததும் வண்டி கிளம்பாமல், கைக்குழந்தையோடும் முதியவரோடும் நடுவழியில் நிற்க நேரும்.

திரை ஓட்டுநரின் கண்ணில் படவே கூடாது. வண்டி நின்ற பிறகு எல்லாரும் சேர்ந்து பார்ப்பதே இன்பம்.