தா.பழூர் வரப்பும் புளோரிடா சதுப்பும்

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் முற்றுப்புள்ளி வைத்தன. துப்பாக்கி தூக்க ஆசைப்படுகிறவர் இன்று நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற வெளிநாடுகளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் வேட்டைத் திறமைக்காகவே அழைக்கப்பட்டு, விமானச் செலவும் கொடுக்கப்பட்டுக் கடல் தாண்டிய தமிழகத்து வேட்டைக்காரர்கள் இருவர் உண்டு. அவர்களிடம் துப்பாக்கி இல்லை, கடப்பாரைதான் இருந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோரே அவர்கள். 2017 ஜனவரியில் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கருடன் அவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அழைத்தவை அம்மாநில வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும்.

பிடிக்க வேண்டியது பர்மிய மலைப்பாம்பு. செல்லப் பிராணியாக இறக்குமதியாகி, வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமாக எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகிய இனம் அது. 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று, மலைப்பாம்புகள் நீண்ட காலமாக இருக்கும் பகுதிகளில் சாலையோரம் தென்படும் ரக்கூன்கள் 99.3 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. 2016-இல் அரசு நடத்திய மலைப்பாம்பு பிடிக்கும் போட்டியில் சுமார் ஆயிரம் பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் பிடித்தவை 106 மட்டுமே. இருளர் இருவரும் முதல் எட்டு நாட்களில் 13 பிடித்தார்கள். கீ லார்கோவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் அகப்பட்ட பெண் பாம்பு ஒன்று 16 அடி நீளம்.

இப்படி ஒரு பயணத்தில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து? இந்தக் கேள்விக்கு மனம் சொல்லும் விடை பெரும்பாலும் தவறு. 16 அடி என்றதுமே பயம் வருகிறது, ஆனால் நீளம் ஆபத்தின் அளவுகோல் அல்ல. பர்மிய மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. பின்னோக்கி வளைந்த பற்களால் சதையைக் கிழிக்கும், சுற்றி இறுக்கும். தனியாகப் போய்ப் பிடிப்பது முட்டாள்தனம். இருவராகப் பிடித்தால் சமாளிக்கலாம். புளோரிடாவில் காட்டில் வாழும் மலைப்பாம்பு மனிதரைக் கொன்றதாகப் பதிவில்லை. முதலையின் ஆபத்தும் நாம் நினைப்பதை விடக் குறைவுதான். உலகில் அலிகேட்டரும் குரோக்கடைலும் சேர்ந்து வாழும் ஒரே இடம் தெற்கு புளோரிடா. ஆனாலும் புளோரிடாவில் வசிக்கும் ஒருவர் வலியப் போய்ச் சீண்டாமல் அலிகேட்டரிடம் கடுமையாகக் கடிபடும் வாய்ப்பு 31 லட்சத்தில் ஒன்று என்கிறது அம்மாநில வனவிலங்கு ஆணையம்.

ஆபத்தை எடைபோட அறிவியலாளர்களிடம் ஓர் எடைக்கல் உண்டு: மைக்ரோமார்ட். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மரண வாய்ப்பு ஒரு மைக்ரோமார்ட். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, சுமார் ஐந்து பேர் இறக்கிறார்கள். 33 கோடி மக்கள்தொகைக்கு வகுத்தால் தலைக்கு 0.015 மைக்ரோமார்ட். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000. ஏறத்தாழ 120 கோடிப் பேருக்கு வகுத்தால் 48 மைக்ரோமார்ட். அமெரிக்க எண்ணைப் போல மூவாயிரம் மடங்கு!

இந்திய மரணங்களில் மிகப் பெரும்பாலானவை கிராமப்புறத்தவை. எனவே கொள்ளிடக் கரையில் தா.பழூர் வட்டாரத்து நெல் விவசாயியின் பங்கு சராசரியை விடக் கூடுதலாகவே இருக்கும். இரவில் மோட்டார் போட வரப்பில் வெறுங்காலோடு நடப்பவர் அவர். எலி இருக்கும் வரப்பில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். தரையில் பாய் விரித்துத் தூங்கும் வீட்டுக்குள் கட்டுவிரியன் வரும். கடித்தது தெரியாமலே கூட விடிந்துவிடும்.

இந்த ஒப்பீட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சராசரி அமெரிக்கர் புதருக்குள் கை விடுவதில்லை, வேட்டைக்காரர் விடுகிறார். தெற்கு புளோரிடாவில் வைரக் கிலுகிலுப்பை விரியன், குட்டைக் கிலுகிலுப்பை விரியன், நீரில் திரியும் காட்டன்மவுத் விரியன், பவளப்பாம்பு என நான்கு விஷ இனங்கள் உண்டு. கடித்தால் தமிழகத்து அனுபவமும் மருந்தும் உதவாது. இந்திய விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே தயாரிக்கப்படுவது. கிலுகிலுப்பைக்கு அங்கே வேறு மருந்து, பவளப்பாம்புக்கு இன்னொன்று.

ஆகவே வெளிநாட்டு வேட்டைப் பயணத்தில் முதலில் கேட்க வேண்டியது என்ன விலங்கு என்பதல்ல. கடிபட்ட இடத்திலிருந்து உரிய மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான். தா.பழூரில் கடிபட்டவருக்கு ஜெயங்கொண்டமோ, மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணமோ இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சதுப்பின் நடுவே செல்பேசி எடுக்காமலும் போகலாம். அமெரிக்காவில் ஒரு குப்பி மருந்தே பல ஆயிரம் டாலர், ஒரு கடிக்கு ஒரு குப்பி போதாது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் வேட்டை விலக்கப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பது துப்பாக்கிப் பயிற்சியை விட முக்கியம். மொழியும் ஒரு பாதுகாப்புக் கருவிதான். இருளருடன் மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் போனதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

விலங்கைச் சாராத ஆபத்துகளும் உண்டு. அமெரிக்க வேட்டைக்காரர்களைக் கடுமையாகக் காயப்படுத்தும் முக்கியக் காரணங்களில் ஒன்று, மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுவது. அதைத் தவிர்க்க இடுப்பு வார் மட்டும் போதாது, உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார் வேண்டும்.

இரண்டு மாதங்களில் 33 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. புளோரிடாவில் அவர்கள் தேடிப் போனது விஷமில்லாத பாம்பை. ஊரில் அவர்கள் தொழிலே விஷப்பாம்புகளைப் பிடிப்பது. அவற்றிலிருந்து எடுக்கும் விஷத்தில்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது.