மூன்றாவது சக்கரம் கற்றுத்தரும் பாடம்

சட்டத்தின் கண்ணில் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளும் இருசக்கர வாகனம்தான். ஓட்டிப் பார்த்தவருக்கு அது வேறு ரகம். மும்பையின் நெரிசலில் இதைக் கற்றுத்தர லைசென்ஸ் முறையில் இடமே இல்லை.

மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிவருவது மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு வேலையே அல்ல. அதே வண்டியின் இடப்பக்கம் ஒரு சைட்காரைப் பூட்டிவிட்டால், அந்த ஒரே சுற்றில் மூன்று பரீட்சைகள் காத்திருக்கும். வட்டத்துக்குள் நுழைய இடப்பக்கம் திரும்ப வேண்டும். வேகம் சற்றுக் கூடினாலும் சைட்காரின் சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். உள்ளே வந்தபின் வலப்பக்கமாகவே வளைந்துகொண்டு போக வேண்டும். இப்போது அதே சக்கரம் தரையில் அழுந்தும். வெளியேற மறுபடி இடப்பக்கம். சக்கரம் மறுபடி எழும். இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கும் இது புதுப் பாடம். சொல்லப்போனால் அவருக்குத்தான் சிரமம் அதிகம்.

காரணம், உடம்பில் ஊறிய பழக்கம். இருசக்கர வண்டி சாய்ந்துதான் திரும்புகிறது. வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப, ஓட்டுபவர் தன்னை அறியாமலே ஹேண்டிலின் இடது பிடியை லேசாக முன்னே தள்ளுகிறார். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகிறது. வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கமே திரும்புகிறது. சைட்கார் பூட்டிய வண்டியால் சாய முடியாது. குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் மாதிரி, ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே போகும். பழைய பழக்கத்தில் இடது பிடியைத் தள்ளுபவரின் வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வரும் பஸ்ஸை நோக்கி நகரும். முதல் நாளில் பலரும் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். மோட்டார் சைக்கிளே ஓட்டாதவர் சில சமயம் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார். அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

சட்டம் எண்ணும் சக்கரங்கள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குத் தரும் விளக்கம் சுவாரசியமானது. அது இருசக்கர மோட்டார் வாகனம். கழற்றக்கூடிய, கூடுதலாக ஒரு சக்கரம் உள்ள சைட்கார் பூட்டியிருந்தாலும் அதில் அடக்கம். ஆக, கண்ணுக்கு மூன்று சக்கரம், காகிதத்தில் இரண்டு.

இதன் விளைவு லைசென்ஸில் தெரிகிறது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று சட்டம் இரண்டு வகை பிரிக்கிறது. சைட்காருக்குத் தனி வகை இல்லை. இன்று சாதாரண மோட்டார் சைக்கிளில் தேறி லைசென்ஸ் வாங்கும் இளைஞர், நாளைக்கே சைட்கார் வண்டியில் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்துக் கிளம்பலாம். அவர் ஒரு மணி நேரமாவது பழகியிருக்கிறாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஓட்டுபவர் தவறு செய்தால் விலை கொடுப்பவர் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர். அவர் கையில் பிரேக் இல்லை, ஹேண்டில் இல்லை. அவருக்குத் தலைக்கவசம்கூட வேண்டாம் என்றுதான் சட்டம் வெகுகாலம் நினைத்தது. 129வது பிரிவு மோட்டார் சைக்கிள்காரர்களை ஹெல்மெட் அணியச் சொன்னபோது, சைட்காரில் பயணிப்பவருக்கு விலக்கு அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த விலக்கை நீக்கியது.

பம்பாயின் குடும்ப வண்டி

இந்த நகரத்துக்கு சைட்கார் புதிதல்ல. 1949இல் பம்பாயில் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் தொடங்கிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1955 முதல் இத்தாலியின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை இங்கே தயாரித்தது. அந்த நிறுவனத்தைப் பின்னர் வாங்கியவர் சென்னையின் எம்.ஏ. சிதம்பரம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர். அந்தப் பக்கம் புனேயில் பஜாஜ். 1972இல் வந்த சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில்தான். அதுவரை கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. ஸ்கூட்டரில் ஒரு சைட்காரைப் பூட்டிவிட்டால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு காய்கறிப் பை எல்லாம் அடங்கும். தொட்டிக்குப் பதில் பெட்டி வைத்தால் சரக்கு வண்டி.

மும்பைக்கு இன்னொரு காரணமும் உண்டு. புறநகரில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்குத் தீவு நகருக்குள் ஓட அனுமதி இல்லை. செம்பூரில் ஆட்டோ ஏறும் குடும்பம் சயானில் இறங்கி டாக்ஸிக்கோ பஸ்ஸுக்கோ மாறித்தான் மாதுங்கா போய்ச் சேர வேண்டும். கையில் குழந்தை, கூடவே முழங்கால் வலிக்கார மாமியார் என்றால் அந்த மாற்றம் சின்ன விஷயமல்ல. வீட்டு வாசலில் ஏறிக் கோயில் வாசலில் இறங்கும் வசதி சைட்காரில்தான் கிடைத்தது.

கார்கள் மலிந்ததும் சைட்கார்கள் மறைந்தன. 2009இல் ஸ்கூட்டர் தயாரிப்பையே கைவிடுவதாக பஜாஜ் அறிவித்தது. பத்து வருடம் கழித்து சேத்தக் பெயர் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பியது. சைட்கார் காலம் திரும்பவில்லை. வண்டிகளோடு அவற்றை ஓட்டும் பக்குவமும் போயிற்று. இன்று பழைய புல்லட்டில் ஆசைக்கு சைட்கார் பூட்டுபவருக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் அப்பாவோ மாமாவோ இருந்தால் அது அதிர்ஷ்டம்.

அரிசி மூட்டையே முதல் பயணி

கற்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் ஒரு காலி மைதானம். தொட்டியில் ஆள் வேண்டாம். 25, 30 கிலோ மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ போதும். வெறும் சைட்கார்தான் சீக்கிரம் எழும். அதனாலேயே தனியாக வீடு திரும்பும் பயணம், குடும்பத்தோடு போன பயணத்தைவிட ஆபத்தானது.

முதல் பாடம் திரும்புவதல்ல, கிளம்புவதும் நிற்பதும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மோட்டார் சைக்கிள் முன்னே பாயும், சைட்கார் பின்தங்கும். வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால் மோட்டார் சைக்கிள் நிற்கப் பார்க்கும், பிரேக் இல்லாத சைட்கார் முன்னே ஓடப் பார்க்கும். வண்டி வலப்பக்கம் இழுக்கும். நேர்க்கோட்டில் போவதற்கே கைகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும்.

அடுத்தது வலப்பக்க வட்டங்கள். சைட்கார் வெளிப்பக்கம் ஊன்றுகோல் மாதிரி நிற்பதால் இது சுலபம். ஆனால் தொட்டியில் கனம் ஏற்றிக்கொண்டு வலப்பக்கம் திரும்பும்போது பிரேக்கை அழுத்தினால், சைட்காரின் மூக்கு தரையில் குத்தி வண்டியின் பின்சக்கரம் எழலாம்.

கடைசியாக இடப்பக்க வட்டங்கள். பெரிய வட்டம், மெதுவான வேகம், உடம்பு சைட்கார் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பிறகு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினால் ஒரு கட்டத்தில் சக்கரம் எழும். அந்தக் கணத்தை மைதானத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆக்சிலேட்டரைத் தளர்த்தி ஹேண்டிலைச் சற்று நேராக்கினால் சக்கரம் தானே இறங்கிவிடும். சாலையில் இதே காரியத்துக்கு விலை அதிகம். ஹேண்டிலை நேராக்கினால் வண்டி எதிர்த்திசைப் பாதைக்குள் போய்விடும். ஆகவே வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். மொத்தப் பாடத்தையும் ஒரே வரியில் சொல்வதானால் அது இதுதான்.

சின்ன விஷயங்களும் உண்டு. சிக்னலில் நின்றால் காலை ஊன்றுவது இருசக்கரக்காரரின் பழக்கம். மூன்று சக்கரத்தில் வண்டி தானாகவே நிற்கும். ஊன்றிய இடது காலைச் சைட்காரின் சட்டம் பதம் பார்த்துவிடும். தாராவியின் 90 அடி சாலை பெயருக்குத்தான் 90 அடி. கைவண்டியும் டெம்போவும் போக மிஞ்சும் இடைவெளியில் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும். பக்கத்தில் ஒரு தொட்டி இருப்பது நினைவுக்கு வரும்போது தகரம் உரசியிருக்கும். மழைக்காலப் பள்ளங்களில் ஒரு சக்கரத்தைத் தப்பவைத்தால் இன்னொன்று விழும். ஆனால் நனைந்த தாரில் மற்ற இருசக்கர வண்டிகள் வழுக்கும்போது இது கவிழாமல் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்கின் பங்கு இதில் பாதி. சைட்காரின் சக்கரம் முன்பக்கம் ஒரு நூல் உள்நோக்கி இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சைட்காரை விட்டு லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் வண்டி ஒரே பக்கம் இழுக்கும், டயர் தேயும், ஓட்டுபவர் தன் திறமையைச் சந்தேகிப்பார். இன்னொன்று: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. பூட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சினிமாவும் நிஜமும்

இந்தியர் மனதில் சைட்கார் என்றால் 1975இல் வெளியான ‘ஷோலே’தான். தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் பாடிக்கொண்டு போகையில் சைட்கார் கழன்று தனி வழியே ஓடி, மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். மும்பையின் மினர்வா தியேட்டரில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய படம் அது. நட்புக்கு அழகான உருவகம். ஓட்டக் கற்பவருக்குத் தவறான பாடம். நிஜத்தில் சைட்கார் ஒரு கணமும் தனி வழி போகாது. ஓட்டுபவரின் ஒவ்வொரு அசைவும் தொட்டியில் இருப்பவரின் உடம்பில் போய் முடியும்.

கூடுதல் சக்கரம் வண்டியின் குணத்தை மாற்றிவிடும் என்பதைச் சட்டம் வேறோர் இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இருபுறமும் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகள் நாடெங்கும் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கான வாகனத்துக்கு 1988 சட்டத்திலேயே தனி லைசென்ஸ் வகை உண்டு. 2019 திருத்தம் அதை ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்று விரிவாக்கியது. அங்கே தெரிந்த உண்மை சைட்கார் விஷயத்தில் மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? வண்டிகள் குறைவு என்பது பதிலாக இருக்கலாம். தொட்டியில் இருக்கும் குழந்தைக்கு அது பதிலாகாது.

அதுவரை பரீட்சை வைப்பவரும் ஓட்டுபவர்தான், எழுதுபவரும் அவர்தான். மதிப்பெண் போடுபவர் மட்டும் வேறு. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி முடித்து இடப்பக்கம் வெளியே வரும்போது, தொட்டியில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமல், எதையும் இறுகப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தால் ஓட்டுபவர் தேறிவிட்டார் என்று அர்த்தம்.